பாலத்து முனையில் நான் திறந்த பை

காவல்துறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். கடைசிக் காலம் முழுக்க மயிலாப்பூர்ப் பக்கம், தலைமைக் காவலராக. என் பேரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் ஏட்டம்மா.

பெண்களின் பைகளைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். அதனால் எங்கே பந்தோபஸ்து போட்டாலும் என்னையும் ஒரு முனையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். தேர்த் திருவிழா, பொதுக்கூட்டம், கடற்கரை, தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகர். எத்தனை ஆயிரம் கைப்பைகளைத் திறந்திருப்பேனோ தெரியாது. ஒரு பெண்ணின் கைப்பையைத் திறந்தால் அவள் வீட்டுக்குள்ளேயே நுழைந்த மாதிரி இருக்கும். பாதி தின்ற மாத்திரை அட்டை, பிள்ளையின் தண்ணீர் பாட்டில் மூடி, நியூஸ் பேப்பரில் சுற்றி அடியில் ஒளித்த நாப்கின், யாருக்கும் காட்டாத ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். முதல் சில வருஷம் கூச்சமாக இருந்தது. பிறகு கை மட்டும் வேலை செய்யும், கண் வேறெங்கோ இருக்கும்.

அந்த வருஷம் மழை விட்டு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் வருவதாக இருந்தது. ரெண்டு நாளைக்கு நகரத்தில் ட்ரோன் பறக்கக்கூடாது என்று தடை உத்தரவு போட்டிருந்தார்கள். காலை ரோல்காலில் எங்கள் ஆய்வாளர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, தன் பாஷையில் விளக்கினார்.

"சந்தேகமா ஒரு பை வந்தா நிறுத்து, தொற, பாரு. ட்ரோன் இருந்தா கதை கேக்காத, எடுத்து வை. அவங்களுக்கு என்ன சொல்லணுமோ அத கோர்ட்ல சொல்லிக்கட்டும்."

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வேறொரு நிலையத்தில், கல்யாண வீடியோக்காரரின் ட்ரோன் பெட்டியைப் பார்த்தும் பார்க்காமல் விட்ட காவலர் ஒருவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். அந்த மனிதரை எனக்குத் தெரியும். மனைவிக்கு மருந்து வாங்க மருந்துக்கடையில் நின்றவரைப் பார்த்துப் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. ரோல்காலில் நின்ற எல்லார் மனதிலும் அன்றைக்கு அவர்தான் இருந்திருப்பார்.

என்னைக் கோட்டூர்புரம் பாலத்து முனையில் போட்டார்கள். கூட ஒரு எஸ்.ஐ., மூன்று காவலர்கள். எஸ்.ஐ. தென்மாவட்டத்துக்காரர், முப்பது வயது இருக்கும். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. தலைவரின் வண்டிகள் சாயங்காலம் அந்தப் பக்கம் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மணி நாலைத் தாண்டியிருக்கும். ஒரு ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு ஐம்பது, அந்தம்மாவுக்கு அதைவிட நாலைந்து வயது குறைவு. அவர் காலடியில் பெரிய கறுப்புப் பை ஒன்று நிமிர்ந்து நின்றது. கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னேன்.

"இன்னா சார் பையில?"

"கேமரா மேடம். தி.நகர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கேன். கல்யாண வீடியோ எடுக்கறேன்."

"தொறங்க."

அவர் தயங்கினார். அதற்குள் அந்தம்மா பின்னாலிருந்து இறங்கி முன்னால் வந்தார்.

"ட்ரோன் மேடம். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே பாருங்க."

பையின் ஜிப்பை நான்தான் இழுத்தேன். சாம்பல் நிறத்தில், கால்களை மடக்கிய நண்டு மாதிரி அது உள்ளே கிடந்தது. வழக்கம்போல அந்தம்மாவின் கைப்பையையும் வாங்கித் திறந்தேன். உள்ளே ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள். ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு தண்ணீர் பாட்டில், ரெண்டு வாழைப்பழம்.

தாளில் 'காணவில்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே ஒரு பெரியவரின் முகம். குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது போல, அவர் தோளுக்குப் பக்கத்தில் யாருடைய புடவைத் தலைப்போ பாதி தெரிந்தது. ஞாபக மறதி உள்ளவர், நீலக் கட்டம் போட்ட சட்டை, வேட்டி என்று எழுதியிருந்தது.

"எங்கப்பா மேடம். காலைல அஞ்சரைக்கு எழுந்து கதவைத் தொறந்துக்கிட்டுப் போயிட்டார். கண்ணாடிகூடப் போடல. அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாது." நான் கையில் வைத்திருந்த கண்ணாடியையே பார்த்தபடி பேசினார். "இந்த முனை அபார்ட்மெண்ட் கேமராவுல பாத்தோம். ஆறு மணிக்கு இந்தப் பாலத்துக்குப் பக்கத்துல ஆத்துப் பக்கம் இறங்கறார். அதுக்கப்புறம் எந்தக் கேமராவுலயும் இல்ல. நாங்க இறங்கிப் பாத்தோம். உள்ள போக முடியல. சேறு வாங்குது, நாணல் ஆள் உயரம் நிக்குது."

அதைச் சொல்லாமலே தெரிந்திருக்கும். அவர் சுடிதாரில் முழங்கால் வரை சேறு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. கணவரின் பேண்ட்டும் அப்படித்தான்.

"பத்து நிமிஷம் மேடம்," என்றார் கணவர். "மேல ஒரு ரவுண்டு விட்டா தெரிஞ்சிடும். இதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் இருக்கு. நீங்க பக்கத்துலயே நின்னு ஸ்கிரீனப் பாருங்க. ஆத்த விட்டு வேற எங்கயும் போக மாட்டேன்."

எஸ்.ஐ. சாலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் ஒரு வேனை மடக்கி நின்றார்கள். என்னையும் அந்த ரெண்டு பேரையும் தவிர அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜிப்பை இழுத்து மூடி, "போங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய், கரையிலிருந்து விட்டுப் பார்த்திருப்பார்கள்.

நான் "சார்" என்று எஸ்.ஐ.யைக் கூப்பிட்டேன்.

அதை இத்தனை வருஷத்தில் பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி முடிவெடுக்கட்டும் என்று நினைத்தேன் என்று. அவர் நல்லவர், அவரே விட்டுவிடுவார் என்று. உண்மையில் எனக்கு அந்த நிமிஷம் வந்தது பயம். மருந்துக்கடை வாசலில் நின்ற அந்த மனிதரின் முகம்.

எஸ்.ஐ. வந்தார். தாளை வாங்கி முழுதாகப் படித்தார்.

"கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டீங்களாம்மா?"

"பதினோரு மணிக்கே குடுத்தாச்சு சார். ரசீது இருக்கு. தேடறதுக்கு ஆள் இல்ல, எல்லாரும் பந்தோபஸ்துல இருக்காங்க, நாளைக்கு வர்றோம்னாங்க."

"ட்ரோன் விடறதுக்கு மேல பர்மிஷன் வாங்கணும்மா."

"எங்க வாங்கணும் சார்? இப்பவே போறேன். எத்தன மணிக்குக் கிடைக்கும்?"

இன்றைக்குக் கிடைக்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எஸ்.ஐ. நாலடி தள்ளிப் போய் ஆய்வாளருக்கு போன் போட்டார். விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார். வயசானவர், காலையிலிருந்து காணோம், நானே கூட நிக்கறேன் சார் என்று. மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"கான்வாய் வர்ற நேரத்துல அது மேல போச்சுன்னா நீயும் நானும் வீட்டுக்குப் போவேண்டியதுதான். சீஸ் பண்ணு."

எஸ்.ஐ. போனைப் பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார். பிறகு என்னிடம், "மகஜர் எழுதுங்க ஏட்டம்மா" என்றார்.

கைப்பற்றிய பொருளின் விவரத்தை எழுதும் அந்தத் தாளை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துத்தான் எழுதினேன். ட்ரோன் ஒன்று, ரிமோட் ஒன்று, பேட்டரி மூன்று. சோதனை செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கணவரும் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தம்மா பக்கத்திலேயே வரவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப ரெண்டு ஆளையாவது குடுங்க. இருட்டறதுக்குள்ள."

பின்னால் வந்து நின்ற எஸ்.ஐ. சொன்னார். "கான்வாய் போற வரைக்கும் ஒருத்தரும் இடத்த விட்டு நகர முடியாதும்மா. போன மறு நிமிஷம் நானே வர்றேன்."

வண்டிகள் ஐந்தரைக்கு வரும் என்றார்கள். ஆறே காலுக்கு வந்தன. அரை நிமிஷத்தில் கடந்து போய்விட்டன. கார்த்திகை மாசத்தில் ஆறே காலுக்கு எவ்வளவு வெளிச்சம் இருக்கும்?

எஸ்.ஐ. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு முதலில் இறங்கியவர் அவர்தான். நானும் காவலர்களும் கணவனும் மனைவியும் பின்னால் போனோம். ரெண்டு டார்ச், மிச்சம் செல்போன் வெளிச்சம். ஷூ உள்ளே போனால் வெளியே வரவில்லை. பத்தடிக்கு ஒருமுறை சீமைக்கருவேல முள் துணியோ தோலோ பார்க்காமல் இழுத்தது. "ஐயா! பெரியவரே!" என்று காவலர்கள் குரல் கொடுத்தார்கள்.

"அப்படிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டார்," என்றார் அந்தம்மா. "சாந்தோம்ல முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியார். இப்ப எங்க பேரெல்லாம் மறந்துபோச்சு, அவர் பேரே மறந்துபோச்சு. சார்னு கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பார்ப்பார்."

அதனால் நாங்கள் எல்லாரும், சீருடையோடு அந்தச் சேற்றில் நின்றுகொண்டு, "சார்... சார்..." என்று கூப்பிட்டோம். எங்கள் எஸ்.ஐ.யும் கூப்பிட்டார். அந்தம்மா நடுநடுவே "அப்பா" என்றார். ஆற்றின் மறுகரையில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் வந்தது. எட்டு மணிக்கு ஒரு காவலர் காலில் கண்ணாடித் துண்டு கிழித்து ரத்தம் நிற்காமல் போனபோது மேலே ஏறி வந்தோம்.

மறுநாள் காலையில் அதே முனையில்தான் எனக்கு டியூட்டி. ஆறேமுக்கால் இருக்கும், ஆற்றில் வலை வீசுகிறவர் ஒருவர் ஈரத் துண்டோடு மேலே ஓடிவந்தார்.

"நீங்க நேத்து தேடிக்கினு இருந்தீங்களே, அந்தப் பெரியவரு அங்கதான் கீறாரு. மரத்துல சாஞ்சிகினு. நான் தூங்குறாருன்னு நெனச்சேம்மா. தொட்டுப் பாத்தா சில்லுனு கீது."

அவர் வழி காட்டினார். முந்தின நாள் நாங்கள் தேடிவிட்டுத் திரும்பிய இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு கருவேல மரத்து வேரில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. சட்டைப் பட்டன் கழுத்து வரை போட்டிருந்தது. மடியில் ரெண்டு கையையும் வைத்திருந்த விதம், பள்ளிக்கூடத்தில் காத்திருக்கிற மனிதர் மாதிரி இருந்தது.

சுற்றிலும் நாணல் சுவர் மாதிரி நின்றது. பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்றாலும் ஆள் தெரியாது. நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த மரத்தில் இலையே பெரிதாக இல்லை. மேலே வானம் முழுசாகத் திறந்து கிடந்தது.

இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. பத்து நிமிஷத்தில் மகளும் மருமகனும் வந்தார்கள். அந்தம்மா அப்பா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, நான் பார்த்த மாதிரியே மேலே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகு, வழக்கு இருந்த நிலையத்தின் ரைட்டரிடம் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"எத்தன மணிக்குப் போச்சாம் உயிரு?"

"டாக்டர் கரெக்டா சொல்லல ஏட்டம்மா. சாயங்காலத்துலருந்து ராத்திரிக்குள்ளன்னு எழுதிக்கீறாரு. தண்ணி இல்ல, சோறு இல்ல, வயசு வேற. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் காரணம் கேட்டார், சொன்னேன். "மேலருந்து உத்தரவு, நீ இன்னா பண்ணுவ?" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உத்தரவு போன் வழியாக வந்தது எஸ்.ஐ.க்கு. எனக்கு யாரும் போன் போடவில்லை.

அடக்கம் சாந்தோம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. சாதாரணப் புடவையில் போய், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தலை நரைத்த மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தன் பேரனிடம், "எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவர்" என்று காட்டினார். ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது நானும் வரிசையில் நிற்கலாமா என்று யோசித்தேன். நிற்கவில்லை. திரும்பி வரும்போது அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தலையை அசைக்கவும் இல்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ட்ரோன் வழக்கு அதன் போக்கில் நகர்ந்தது. செத்தவருக்காக அது நிற்காதே. தடையை மீற முயன்றதாகக் கணவர் மேல் ஒரு பிரிவு. நாலு மாசம் கழித்து நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். சோதனை போட்டவள் என்பதால் எனக்கும் சம்மன். மாஜிஸ்திரேட் காகிதங்களைப் படித்துவிட்டு, 'காணவில்லை' புகாரின் நகலையும் படித்தார். பிறகு எச்சரித்து விடுவதாகச் சொல்லி, பொருளைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட இல்லை.

வராண்டாவில் அந்தக் கறுப்புப் பையை நான்தான் ஒப்படைத்தேன். கணவர் திறந்து பார்த்தார். நிலையத்து ஸ்டோர் ரூமில் கிடந்து பேட்டரி மூன்றும் உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தன. "பரவால்ல மேடம்," என்றார். "இனிமே இத விடற மாதிரி இல்ல." கையெழுத்துப் போட அவர் உள்ளே போனார்.

நானும் அந்தம்மாவும் மட்டும் நின்றோம். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க டீச்சர்." அவரும் அப்பா மாதிரியே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார் என்று அன்றைக்குப் புகார் நகலில் பார்த்திருந்தேன்.

"அன்னிக்கு நாங்க சொன்னத நீங்க நம்பினீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் எங்களிடம் எத்தனையோ கதை சொல்கிறார்கள், இதுவும் அப்படி ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சேற்றையும் கண்ணாடியையும் வாழைப்பழத்தையும் பார்த்த கண் எனக்கு.

"நம்பினேம்மா. முதல் சொல்லுலயே நம்பிட்டேன்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அழவில்லை.

"நம்பலன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்படின்னா நான்தான் இன்னும் சரியா எடுத்துச் சொல்லியிருக்கணும்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்துடுவேன். தினம் ராத்திரி அதான் பண்றேன், வேற எப்படிச் சொல்லியிருக்கலாம்னு. நம்பியும்தான் எடுத்துக்கிட்டீங்க. இத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல மேடம்."

கணவர் வந்துவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டார். ரெண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். ஒத்திகை பார்த்த வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ரெண்டு பந்தோபஸ்தில் பை சோதனை பார்த்தேன். பையைத் திறக்கும்போது முன்னால் நிற்கிறவர் முகத்தைப் பார்க்காமல் திறக்க முடியவில்லை. பார்த்தால் கை ஓடவில்லை. ஆய்வாளரிடம் போய் நிலையத்துக்குள்ளேயே ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டேன். காரணம் கேட்டார். முழங்கால் வலி என்றேன். அடுத்த வருஷம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வேளச்சேரியில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன்.

அந்த எஸ்.ஐ. அதற்கு முன்பே மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றதைக் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போன் செய்தார். மகள் வேலைக்கும் என் வீட்டுக்காரர் கடைக்கும் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். உடம்பைப் பற்றி, பென்ஷன் பேப்பரைப் பற்றி, அவருடைய புது நிலையத்தைப் பற்றியெல்லாம் பேசினோம். அவர் அப்பாவை இப்போது கூடவே வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது கேட்டார்.

"ஏட்டம்மா, அந்தக் கோர்ட்டு அன்னிக்கு நான் வரல. லீவு கிடைக்கல. அந்தம்மா எதாச்சும் சொன்னாங்களா?"

அவர் கேட்ட குரலில், இத்தனை நாளாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது. அவர் எனக்கு மகன் வயசு. அன்றைக்கு ஆய்வாளரிடம் கெஞ்சியவர் அவர், முதலில் சேற்றில் இறங்கியவரும் அவர். நான் கூப்பிட்டிருக்காவிட்டால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது.

"ஒண்ணும் சொல்லல சார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினு போயிட்டாங்க."

"கோவமா இருந்தாங்களா?"

"இல்ல சார். கும்பிட்டுட்டுதான் போனாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிங்க ஏட்டம்மா," என்றார். "உடம்பப் பாத்துக்கங்க."

போன் கட்டான பிறகும் அதைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தால் பாதி பாரம் அங்கே போயிருக்கும். அது அவருக்குச் சேர வேண்டியது இல்லை.